அண்ணாவியார்: கூத்திசை மரபும் போற்றும் நெறியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை மாதவியின் ஆடலைக் கூறுமுன் அவ்வாடலுக்குத் துணைநின்ற ஆசிரியர்தம் இலக்கணத்தைக் கூறுகின்றது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் முறையே பேசப்படுகின்றனர். ஆடுவோர் சிறப்பு ஆசிரியர் சிறப்பைப் பற்றி நிற்பது என்பது இம்முறைவைப்பால் பெறப்படும். இதனை உளங்கொண்டு, ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் கூத்திசையைக் காத்துவரும் அண்ணாவியாரின் பணியையும், அவரைப் போற்றும் நெறியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அண்ணாவி என்னும் சொல் ஆசிரியன் எனப் பொருள்படும். தமிழகத்தின் தென்பகுதியில் திண்ணைப்பள்ளி ஆசிரியரையும் இப்பெயரால் வழங்கியதுண்டு. மட்டக்களப்பில் இது வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளைப் பயிற்றுவிப்பார்க்குச் சிறப்புப் பெயராயிற்று.

ஊரார் கூத்தொன்று ஆடத் துணிந்தால் முதற்கண் அண்ணாவியாரையே நாடுவர். அவர் இளைஞரின் குரலையும் உடலமைப்பையும் இயல்பையும் நோக்கி, இன்னார்க்கு இன்ன வேடம் என வகுப்பார். அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை வழங்குதல் சட்டங்கொடுத்தல் எனப்படும். ஆட்டம் ஓரளவு பழகியபின் சதங்கை அணிதல் நிகழும். பயின்றவற்றை வாரந்தோறும் ஆடிப்பார்த்தல் கிழமைக்கூத்து. கூத்து முழுவதையும் நிரல்பட ஆடிப்பார்த்தல் அடுக்குப் பார்த்தல். இவையெல்லாம் முடிந்தபின்னரே வட்டக்களரியில், இரவு தொடங்கி விடியுமளவும், அரங்கேற்றம் நடைபெறும். இதற்குப் பல திங்கள் செல்லும். பகலில் வயலிலும் நீரிலும் உழைத்தோர் இரவில் பயின்று பெறும் கல்வி இது.

களரியில் அண்ணாவியார் மத்தளம் கொண்டு நிற்பார். பாத்திரம் தோன்றுங்கால் அதற்குரிய தாளக்கட்டைச் சொல்லி ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர் அவரே. சல்லரி தாளங்காக்க, ஆடுவோன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். எவ்விடத்து விரைதல் வேண்டும், எவ்விடத்துத் தளர்த்தல் வேண்டும் என்பதை அவரது மத்தளமே உணர்த்தும். இளங்கோவடிகள் அறுவரிடத்துப் பகுத்துக் கூறிய பணிகளுள் ஆடல், இசை, முழவு என்னும் மூன்றும் இவரொருவரிடத்தே அடங்குதல் காண்க.

இனி, கூத்து நூல்களைப் பதிப்பிக்கும் நாம் கருதற்குரியது ஒன்றுண்டு. ஏட்டில் தரு, விருத்தம், வெண்பா, கொச்சகம் எனப் பாட்டின் வகை குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பாடும் முறையோ ஏட்டில் இல்லை. அஃது அண்ணாவியாரின் செவியிலும் நாவிலும் உள்ளது. நாம் பாடவேறுபாடு காட்டுகின்றோம்; இசைவேறுபாடு காட்டுகின்றோமில்லை. நூலை இயற்றிய புலவர் பெயரைத் தேடி முகப்பில் அமைக்கின்றோம். அதனை வழிவழியாகப் பாடிக் காத்தவர் பெயரை முன்னுரையில் ஒரு வரியிலேனும் குறிக்கத் தவறிவிடுகின்றோம். அண்ணாவியார் மாணாக்கரின்றி மறைவாராயின் எஞ்சுவது இசையிழந்த யாப்பேயாம். ஒலிப்பதிவு இக்குறையை ஒருவாறு நீக்கும். எனினும் அது காப்பது ஓரிரவின் பாட்டையே. பிழைத்த அடியைத் திருத்தும் ஆசிரியனை அது தருவதில்லை.

பல்கலைக்கழகம் இத்துறையில் செய்யத்தக்கது யாது என்பதற்குச் சான்றில்லாமல் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கூத்தை நூலளவில் விளக்கி அமையாது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை அழைத்து மாணவர்க்கு ஆசிரியராக்கினார். அம்மாணவருள் ஒருவராகிய சி. மௌனகுரு பிற்காலத்தே மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து நூல் செய்தார். ஆடிக் கற்றமையே அவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று எனலாம். இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் அவ்வந்தாறுமூலையிலேயே அமைந்திருத்தலும் நினைவுகூரத் தக்கது.

பிறநாட்டு வழக்கும் இதற்குத் துணை செய்யும். தென்கொரியா 1962 இல் இயற்றிய பண்பாட்டுச் செல்வக் காப்புச் சட்டத்தை அடியாகக் கொண்டு, மரபுக்கலை வல்லாரை அரசு அறிந்தேற்கும் முறையை வளர்த்தது. மாணாக்கர்க்குக் கலையைக் கையளித்தல் அம்முறையின் ஓர் உறுப்பாகும். சிறப்பும் கற்பித்தலும் அங்கே பிரிந்து நிற்பதில்லை.

நம்மிடையே அண்ணாவியாரைப் போற்றுதல் பெரும்பாலும் பொன்னாடையோடும் பட்டத்தோடும் முடிகின்றது. அவை வேண்டாதன அல்ல. ஆயினும் ஊரார் அவருக்குச் செய்யும் சிறப்பு இதனினும் ஆழமானது. அவர்கள் தம் மைந்தரை அவர்முன் நிறுத்திச் சட்டம் பெறச் செய்கின்றனர். ஆசிரியனுக்கு மாணாக்கனைத் தருகின்றனர். பல்கலைக்கழகமும் அந்நெறியே செல்லல் தகும். கூத்துப் பதிப்புகளின் முகப்பில் புலவர் பெயரோடு அண்ணாவியார் பெயரும் இடம்பெறல் வேண்டும். கூத்தை ஆராயும் முதுகலை மாணவர் சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை ஒரு கூத்தையேனும் அவரிடம் இருந்து பயிலல் வேண்டும். அக்காலத்திற்கு அவருக்கு ஆசிரியர்க்குரிய ஊதியம் அளித்தல் வேண்டும். கற்பார் உளராகச் செய்தலே கற்பிப்பார்க்குச் செய்யும் தலையாய சிறப்பு என்பது எம் துணிபு.