முள்ளங்கி மிட்டாயும் ஆந்தை டியூஷனும்

ஒரே ஒரு கேள்வி. ஒரே ஒரு மார்க்கு. அதற்காகத் தாய்மார்கள் அடுப்பு மூட்டி மிட்டாய் காய்ச்சினார்கள். காய்ச்சிய சட்டியோடு கல்வி அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் படை எடுத்தார்கள்!

இது நடந்தது தென் கொரியாவின் தலைநகரமான சியோலில். ஆண்டு 1964. டிசம்பர் மாதம்.

அந்தக் காலத்தில் அங்கே ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் சேர ஒரு பரீட்சை எழுத வேண்டும். பெயர் பெற்ற பள்ளியில் இடம் கிடைத்தால், பிறகு நல்ல உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்து நல்ல பல்கலைக்கழகம். அதன் பிறகு நல்ல உத்தியோகம். ஆக, 12 வயதிலேயே ஒரு பிள்ளையின் தலைவிதி முடிவாகி விடும். பெற்றோர் சும்மா இருப்பார்களா? பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பினார்கள். கடன் வாங்கியாவது அனுப்பினார்கள்.

தாய்மார்கள் செய்த சோதனை

அந்த ஆண்டு பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. கொரியர்களுக்கு "யோட்" என்று ஒரு மிட்டாய் உண்டு. நம் ஊர் ஜவ்வு மிட்டாய் போலப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். சோற்றுடன் முளை கட்டிய பார்லியைச் சேர்த்து ஊற வைத்து, சாற்றை வடித்துக் காய்ச்சினால் யோட் தயார். "பார்லிக்குப் பதிலாக வேறு எதைச் சேர்க்கலாம்?" என்பதுதான் கேள்வி.

"டயஸ்டேஸ்" என்பது அதிகாரிகளின் விடை. மாவை இனிப்பாக மாற்றும் பொருள் அது. ஆனால் கொடுத்திருந்த விடைகளில் "முள்ளங்கிச் சாறு" என்பதும் இருந்தது. முள்ளங்கியிலும் அந்தப் பொருள் உண்டு! முள்ளங்கி என்று எழுதிய பிள்ளைகளுக்கு மார்க்கு போயிற்று. பள்ளிக்கூட இடமும் போயிற்று.

தாய்மார்கள் கொதித்து எழுந்தார்கள். முள்ளங்கியைப் பிழிந்து, அந்தச் சாற்றிலேயே யோட் காய்ச்சினார்கள். மிட்டாய் நன்றாகவே வந்தது. "இந்தா, யோட் தின்னு!" என்று அதிகாரிகளின் வாசலில் நின்று கூவினார்கள். (கொரிய மொழியில் அது ஒரு வசவும் கூட!)

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. முள்ளங்கிச் சாறும் சரியான விடைதான் என்று 1965-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. இடம் இழந்த பிள்ளைகள் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். பெரிய அதிகாரிகள் பதவியை விட்டுப் போனார்கள்.

நாட்டுக்கே தலைகுனிவாகப் போய் விட்டது. "இந்தப் பரீட்சையே வேண்டாம்" என்று 1968-ல் அரசாங்கம் அறிவித்தது. மறு ஆண்டு முதல் சியோலில் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்த்தார்கள். சிறுவர்கள் துள்ளிக் குதித்தார்கள். டியூஷன் ஒழிந்ததா? இல்லை. உயர்நிலைப் பள்ளிப் பரீட்சைக்குத் தாவிக்கொண்டது. 1974-ல் சியோலிலும் பூசானிலும் அந்தப் பரீட்சையையும் எடுத்தார்கள். டியூஷன் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு ஏறிக்கொண்டது!

டியூஷனுக்குத் தடை!

1980-ம் ஆண்டு ராணுவத் தளபதி சுன் டூ ஹுவான் கையில் அதிகாரம் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 30-ந்தேதி ஒரு கடுமையான உத்தரவு பிறந்தது. நாடு முழுவதும் டியூஷனுக்குத் தடை! சொல்லிக் கொடுத்தாலும் குற்றம். பிள்ளையை அனுப்பினாலும் குற்றம். அரசாங்க உத்தியோகஸ்தர் தன் பிள்ளைக்கு டியூஷன் வைத்தால் வேலை போய் விடும்.

ஏழை வீடுகளில் இதை வரவேற்றவர்கள் உண்டு. "பணக்காரன் பிள்ளையும் என் பிள்ளையும் இனி ஒன்று" என்ற எண்ணம்தான். அது நியாயமான எண்ணமே. ஆனால் கிராமத்திலிருந்து வந்து, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தச் சம்பளத்திலேயே தன் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்ட கல்லூரி மாணவன் என்ன செய்வான்? அவன் பிழைப்பில் மண் விழுந்தது.

பணக்கார வீடுகளில் நடந்ததே வேறு. ஊர் அடங்கிய பிறகு, நடுநிசியில் வாத்தியார் வந்தார். இதற்கு "ஆந்தை டியூஷன்" என்று பெயர். காரை ஓட்டிக்கொண்டே, பின் ஆசனத்தில் பாடம் நடத்தினார்கள். அது "கார் டியூஷன்". ஊருக்கு வெளியே பங்களாவில் வைத்துச் சொல்லிக் கொடுத்தது "பங்களா டியூஷன்". பிடிபட்டால் தண்டனை அல்லவா? அந்தப் பயத்துக்கும் சேர்த்துக் கூலி கேட்டார்கள். டியூஷன் ஒழியவில்லை. விலைதான் ஏறியது. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

மெல்ல மெல்லத் தடை தளர்ந்தது. 1989-ல் கல்லூரி மாணவர்கள் டியூஷன் எடுக்கலாம் என்று விட்டார்கள். மிச்சம் இருந்த தடையையும் 2000-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி அரசியல் சட்டக் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது பெற்றோரின் உரிமை. அதை ஒரேயடியாகப் பறிக்கக் கூடாது என்பது தீர்ப்பு.

மணி 10 அடித்தால்...

அதன் பிறகு "ஹக்வொன்" என்னும் டியூஷன் பள்ளிகள் தெருவுக்குத் தெரு பெருகின. சியோலில் டேச்சி டோங் என்ற பகுதி இதற்குப் பேர் போனது. மாடிக்கு மாடி டியூஷன். கெட்டிக்கார வாத்தியார்களுக்குச் சினிமா நட்சத்திரம் போல விளம்பரம்!

பிள்ளைகள் எப்போதுதான் தூங்குவது? "நாலு மணி நேரம் தூங்கினால் பாஸ், ஐந்து மணி நேரம் தூங்கினால் பெயில்" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. விளையாட்டுக்குச் சொன்னதல்ல.

எனவே, இரவு 10 மணிக்கு மேல் ஹக்வொன் நடத்தக் கூடாது என்று சியோலில் சட்டம். இது செல்லும் என்று 2009-ல் அரசியல் சட்டக் கோர்ட்டும் சொன்னது. மீறுகிறவர்களைக் காட்டிக் கொடுத்தால் பரிசுப் பணம் என்றும் அந்த ஆண்டு அறிவித்தார்கள். அவ்வளவுதான்! காட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் புறப்பட்டு விட்டார்கள்.

மணி 10 அடித்ததும் டேச்சி டோங் தெருவில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பிள்ளைகள் புத்தக மூட்டையோடு இறங்கி வருவார்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கத்தான் என்று நினைக்கிறீர்களா? பலர் அங்கே போய் மறுபடியும் விளக்கை ஏற்றிக்கொள்வார்கள்.

2023-ல் ஜனாதிபதி யூன் சுக் யோல் வேறு வழி பார்த்தார். டியூஷன் படித்தவர்களால் மட்டுமே போட முடிகிற கடினமான கணக்குகளும் கேள்விகளும் பரீட்சையில் வரக் கூடாது என்றார். "கொலைகாரக் கேள்விகள்" என்றே அவற்றுக்குப் பெயர். அப்படியே நீக்கினார்கள். ஆனால் அந்த நவம்பரில் வந்த பரீட்சையும் கடினம்தான். நாடு முழுவதிலும் ஒரே ஒருவர்தான் முழு மார்க்கு வாங்கினார்!

7 வயதில் பரீட்சை

2024-ம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகள் 100 பேரில் 80 பேர் டியூஷன் படித்தார்கள். அந்த ஒரு வருடச் செலவு 29 லட்சத்து 20 ஆயிரம் கோடி வொன். நம் பணத்தில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய். டியூஷன் படித்த ஒரு பிள்ளைக்கு மாதம் சராசரி 36 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. அங்கே இளம் தம்பதிகள் பிள்ளை பெறவே தயங்குவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

இதில் வேதனை என்னவென்றால், வயது இறங்கிக்கொண்டே போகிறது. பெயர் பெற்ற ஹக்வொன்னில் சேர்வதற்கே பரீட்சை உண்டு. பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே சில குழந்தைகள் அதை எழுதியிருக்கிறார்கள். "7 வயது பரீட்சை" என்கிறார்கள். அந்தப் பரீட்சைக்குத் தயார் செய்ய ஒரு டியூஷன். அதன் பெயர் "குட்டி ஹக்வொன்"! டியூஷனில் சேர ஒரு டியூஷன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆகாயத்தில் காத்திருக்கும் விமானம்

இத்தனை பாடும் ஒரே ஒரு நாளுக்காக. நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை நடக்கும். அன்று தெருவில் நெரிசல் கூடாது என்பதற்காக அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கின்றன. நேரமாகி விட்ட பிள்ளைகளைப் போலீசார் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதிக்காக 35 நிமிடம் எந்த விமானமும் இறங்கக் கூடாது, ஏறவும் கூடாது. மேலே வந்து விட்ட விமானங்கள் ஆகாயத்தில் வட்டமிட்டுக் காத்திருக்கும்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் என்ன கொடுப்பார்கள் தெரியுமா? யோட்! கொரிய மொழியில் "ஒட்டிக்கொள்" என்பதற்கும் "தேர்வு பெறு" என்பதற்கும் ஒரே சொல். கடல்பாசி சூப்பை மட்டும் அன்று அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். அது வழுக்குமாம்.

பிள்ளை உள்ளே போனதும், பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவில் ஒரு துண்டு யோட்டை அழுத்தி ஒட்டி விட்டு, கை கூப்பி நின்ற தாய்மார்கள் எத்தனையோ பேர்.