அஸ்வினை உட்கார வைத்தது யார்?

இந்தியா எந்த மேட்ச் தோற்றாலும் அனகாபுத்தூர் டீக்கடை பெஞ்சில் ஒரே தீர்ப்புதான்: “செலக்டருங்கள மாத்தணும்ணே.” கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் பாதி நேரம் ஆளை மாற்றித் திட்டுகிறோம்.

தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. கிரிக்கெட் வாரியத்தின் தேர்வுக்குழு, தொடருக்குச் சுமார் 15 பேரைச் சொல்லும். அதில் இன்று இறங்கும் 11 பேர் யார் என்பதைப் பெரும்பாலும் கேப்டனும் கோச்சும் முடிவுசெய்வார்கள். 2019 உலகக் கோப்பைக்கு அம்பத்தி ராயுடுவை விட்டுவிட்டு நம்ம விஜய் சங்கரை எடுத்தது முதல் கட்டம். பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங் என்று ‘முப்பரிமாணம்’ பேசினார் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். ராயுடுவோ உலகக் கோப்பை பார்க்க த்ரீ-டி கண்ணாடி ஆர்டர் போட்டிருப்பதாக ட்விட்டரில் குத்தினார். அங்கே செலக்டரைத் திட்டலாம், தப்பில்லை.

2023 ஜூனில் ஓவலில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி வேறு கதை. நம்ம ஆஃப் ஸ்பின்னர் அஸ்வின் அணியில் இருந்தார். 11 பேரில் இல்லை. அது கேப்டன் ரோஹித், கோச் டிராவிட் கணக்கு: நாலு வேகம், ஒரு ஜடேஜா.

கணக்கு முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். மேகம் மூடிய காலை, பிட்ச்சில் புல். டாஸ் ஜெயித்து பவுலிங். ஆஸ்திரேலியா 76க்கு 3. அப்புறம் வெயில் வந்தது, ஹெட்டும் ஸ்மித்தும் நின்றார்கள். மாலையில் அதே 3 விக்கெட்டுக்கு 327.

காலை இரண்டு மணி நேரத்தைப் பார்த்து ஐந்து நாளுக்கு டீம் போட்டதுதான் கோளாறு. ஆஸ்திரேலியாவின் முதல் 8 பேரில் 5 பேர் இடதுகை. 163 அடித்த ஹெட்டும் இடதுகை. ஜடேஜா பந்து அவர்களுக்கு உள்ளே வரும். அஸ்வின் பந்து வெளியே போகும், எட்ஜைத் தேடும். டெஸ்டில் 200 இடதுகை பேட்ஸ்மேன்களை எடுத்த முதல் பவுலர் அவர்; 200ஆவது ஆள், 2021இல் சேப்பாக்கத்தில் ஸ்டூவர்ட் பிராட். ஓவல் டெஸ்ட் நடந்தபோது டெஸ்ட் பவுலர் தரவரிசையில் முதலிடமும் அவருக்குத்தான். இதெல்லாம் டாஸுக்கு முன்பே தெரிந்த சங்கதிகள். கடைசி இன்னிங்ஸில் அவர்களுடைய ஆஃப் ஸ்பின்னர் லயன் 4 விக்கெட் எடுக்க, நாம் 209 ரன்னில் தோற்றோம்.

தோற்றதால் தேர்வு தப்பு என்று மட்டும் பேசக் கூடாது. 2024 அக்டோபரில் புனே டெஸ்டில் ஸ்பின்னர் குல்தீப்பை உட்கார வைத்து வாஷிங்டன் சுந்தரை இறக்கியபோது ஊரே முகம் சுளித்தது. பையன் முதல் இன்னிங்ஸில் 7, இரண்டாவதில் 4 விக்கெட் எடுத்தான். நம்ம பேட்டிங்தான் படுத்துவிட்டது. நியூசிலாந்து 113 ரன்னில் ஜெயித்தது. அன்றைக்கும் பெஞ்சில் செலக்டருக்குத்தான் திட்டு.