ஒரே இலை, இரண்டு புள்ளி: குலைநோயா, செம்புள்ளியா?

சம்பாப் பட்டம் பாதி தாண்டியதும் எங்கள் வல்லக்கோட்டைப் பக்கம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், நெல்லுல புள்ளி விழுந்திருக்கு, என்ன அடிக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "எந்தப் புள்ளி?" வங்கியில் கடன் மனு பார்த்த பழக்கம். விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட வராது.

நெல் இலையில் பூஞ்சாணத்தால் வரும் புள்ளிகளில் முக்கியமானவை இரண்டு. காலையில் வயலில் இறங்கி, நாலைந்து இடத்தில் இலையைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

புள்ளி கண் மாதிரி, இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு என்றால் அது குலைநோய். எள்ளு விதை அளவில், முட்டை வடிவில், பழுப்பாக இலை முழுக்கச் சிதறியிருந்தால் அது செம்புள்ளி.

இரண்டுக்கும் காரணம் நேர் எதிர். குலைநோய் தழைச்சத்து மிஞ்சிய பயிரைத் தேடி வரும். கார்த்திகை, மார்கழிப் பனியும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் வேகமாகப் பரவும். செம்புள்ளியோ சத்து இல்லாத மண்ணில், சாம்பல்சத்து குறைந்த இடத்தில், தண்ணீர் கிடைக்காமல் வாடிய பயிரில் வரும். ஒன்று செல்வத்தால் வரும் நோய், மற்றது வறுமையால் வரும் நோய்.

இரண்டையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 1919-இல் தஞ்சை டெல்டாவைக் குலைநோய் பெரிய அளவில் தாக்கியது. 1942-இல் வங்காளத்தில் செம்புள்ளி நெல்லை அழித்தது. மறுவருடம் வந்த பஞ்சத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று.

குலைநோய் என்றால்: தழைச்சத்து தருவதை உடனே நிறுத்துங்கள். "நாமதான் யூரியா போடலையே" என்று நினைக்க வேண்டாம். மீன் அமிலம், கோழி எரு, பிண்ணாக்குக் கரைசல் எல்லாமே தழைச்சத்துதான். பயிர் தேறட்டும் என்று இதைக் கொடுத்தால் நோய்தான் தேறும். வயலைக் காயவிடாதீர்கள். வரப்புப் புல்லை அறுத்துவிடுங்கள், பூஞ்சாணம் அதிலும் தங்கும். சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் கலந்து, மாலையில், 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்கலாம். இது உயிருள்ள பாக்டீரியா. வாடகைத் தெளிப்பானில் முந்தின நாள் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். நன்றாகக் கழுவிய பிறகே ஊற்றுங்கள்.

செம்புள்ளி என்றால்: இங்கே மண்ணுக்குத்தான் வைத்தியம். மக்கிய தொழுவுரத்தோடு சாம்பல் சேர்த்துப் போடுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் பாசனத்தோடு விடுங்கள். ஏரித் தண்ணீர் கடைமடைக்கு வராத வயல்களில் இது அதிகம் தெரியும், அதனால் கிணற்றுத் தண்ணீராவது நேரத்துக்குப் பாய வேண்டும். அடுத்த பட்டத்துக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுதால் மண் தேறும்.

இரண்டு பூஞ்சாணமும் விதையோடும் வரும். ஆகவே வேலை விதையிலேயே தொடங்குகிறது. முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த தண்ணீரில் விதையைப் போட்டு, மிதக்கும் பதரை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் வீதம் கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். நடவுக்கு முன் நாற்றின் வேரை அதே கரைசலில் அரைமணி நேரம் நனையுங்கள். நட்ட 30-ஆம் நாள், ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவுங்கள். ஆந்திரா பொன்னி என்கிற பிபிடி 5204 போட்டவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. அந்த ரகம் குலைநோய்க்கு எளிதில் ஆளாகும்.

கதிர் வந்த பிறகு கழுத்தில் குலைநோய் விழுந்தால், கழுத்து கறுத்துக் கதிர் சாய்ந்து பதராகிவிடும். அப்போது எதை அடித்தும் அந்தக் கதிர் திரும்பாது. நம் பக்கம் ஆட்கள் எல்லாம் ஒரகடம் கம்பெனிக்குப் போகிறார்கள், கூலியும் ஏறிவிட்டது. ஒரு போகம் பதரானால், "நிலத்தை வச்சு என்ன பண்ணப் போற, பிளாட் போட்டுடு" என்று வீட்டிலேயே பேச்சு வரும். அந்தப் பேச்சு வராமல் இருக்க, தூர் கட்டும் பருவத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வயலில் இறங்கி இலையைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் புள்ளி என்று தெரிந்துகொண்டு பிறகு தெளிப்பானைத் தூக்குங்கள்.