கைக்குழந்தையும் கேளிக்கைப் பூங்காவும்

நினைவில் நில்லாத ஒன்றை ஒரு குழந்தைக்குக் காட்டுவதனால் யாது பயன்? விடுமுறை அணுகும்போதெல்லாம் அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் எழுகின்ற வினா இது. ஐந்தாறு திங்கள் நிரம்பிய கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு கலிபோர்ணியாவிலோ புளோரிடாவிலோ உள்ள டிஸ்னிப் பூங்காவுக்குச் செல்ல இளந்தம்பதியர் விழைவர். "பாலுண்ணும் பிள்ளைக்குப் பூங்கா எதற்கு? அஃது அறியும் பருவம் வரட்டும்" என மூத்தோர் தடுப்பர். கனடாவிற் குடியேறிய நம்மவர் இல்லங்களுக்கும் இவ்வழக்குப் புதிதன்று. குளிர்கால விடுமுறையிற் புளோரிடாவுக்குப் புறப்படுவோர் அவருள்ளும் உளர். இரு சாராரும் குழந்தையின் பொருட்டே பேசுகின்றனர். குழந்தையோ தன் கருத்தைச் சொல்லும் ஆற்றல் இல்லாதது. ஆதலின் அதன் பக்கத்து நின்று இவ்வழக்கை ஆராய்தல் நம் கடனாகின்றது.

முதற்கண் அப்பூங்கா தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவாம். சித்திரப்படக் கலையிலே உலகப் புகழ் எய்திய வால்ட் டிஸ்னி என்பாருக்குப் பெண்மக்கள் இருவர். அவர்களை லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள குதிரை இராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தாம் வாங்கிலே அமர்ந்து பார்த்திருப்பது அவர் வழக்கம். பிள்ளைகள் மகிழ்கின்றனர், பெற்றோர் வாளா இருக்கின்றனர். இருதிறத்தாரும் ஒருங்கு மகிழத்தக்க இடம் ஒன்று ஏன் இருத்தலாகாது என்னும் எண்ணம் அவ்வாறு அமர்ந்திருந்த காலத்தே உதித்தது எனப் பின்னாளில் அவரே கூறினார்.

அவ்வெண்ணத்தின் விளைவாக, அனஹைம் என்னும் ஊரில், தோடந்தோப்புகளாய் இருந்த 160 ஏக்கர் நிலத்தில் 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. திறப்பு நாளன்று கடும் வெயில். புதிதாக இட்ட தார் இளகிப் பெண்டிரின் செருப்புக் குதிகள் அதிற் புதைந்தன. குழாய் பொருத்தும் தொழிலாளர் முன்னர் வேலைநிறுத்தஞ் செய்திருந்தமையால், குடிநீர்க் குழாய்களை முடிப்பதா, மலகூடங்களை முடிப்பதா என்னும் இக்கட்டு நேர்ந்து, பின்னையவற்றையே டிஸ்னி தெரிந்தெடுத்தார் என்பர். களிப்புக்கென அமைந்த இடத்திலும் நிழலும் நீரும் இல்லையேற் களிப்பு இல்லை என்பதை அந்நாள் காட்டிற்று. கைக்குழந்தையோடு செல்வோர் இதனை மறத்தலாகாது.

டிஸ்னி 1966 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தமையனார் றோய் டிஸ்னியின் மேற்பார்வையில், புளோரிடாவில் வாங்கப்பட்ட ஏறக்குறைய 27,000 ஏக்கர் நிலப்பரப்பின் ஒரு பகுதியில் 1971 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் இரண்டாவது பூங்கா எழுந்தது. பின்னர் 1983 இல் ரோக்கியோவிலும், 1992 இல் பாரிஸ் நகருக்கு அணித்தாகவும், 2005 இல் ஹொங்கொங்கிலும், 2016 இல் சங்காயிலும் அவ்வகைப் பூங்காக்கள் தோன்றின.

கைக்குழந்தையரை இப்பூங்காக்கள் வரவேற்பனவே. அமெரிக்கப் பூங்காக்கள் இரண்டிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. தாய் ஒதுங்கியிருந்து பாலூட்டவும், அணையாடை மாற்றவும், உணவைச் சூடாக்கவும் ஏற்ற அமைதியான மனைகள் உள. விரைந்து சுழன்று பாயும் ஊர்திகள் சிலவற்றில் ஏறுதற்கு 40 அங்குல உயரம் வேண்டும் என்பது விதி. ஆறு திங்கட் குழந்தையோ ஏறத்தாழ 26 அங்குலமே இருக்கும். ஆயின், பெற்றோருள் ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க மற்றவர் ஏறி வரலாம். அவர் மீண்டபின் முதல்வர், நீண்ட வரிசையிற் புதிதாக நில்லாமலே சென்று ஏறலாம். உயர விதி இல்லாத ஊர்திகளும் பல. உலக நாடுகளின் பிள்ளைகளைப் பாவை வடிவிற் காட்டும் சிறு படகுப் பயணம் அவற்றுள் ஒன்று. ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியத்தைப் போற்றும் முகமாக 1964 ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கென அமைக்கப்பெற்ற இப்படகுப் பயணம், 1966 இல் டிஸ்னிலாந்தில் இடம்பெற்றது. அதிலே தாய் மடியிற் குழந்தையும் இருக்கலாம்.

இனி, இவ்வளவு வசதிகளும் குழந்தைக்கு எங்ஙனம் தோன்றும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் கண் தெளிவாகக் காண்பது 8 முதல் 12 அங்குலத் தொலைவில் உள்ளதையே. மடியிற் கிடந்து பாலுண்ணுங்கால் தாயின் முகம் இருக்குந் தொலைவு அதுவேயாம். திங்கள் செல்லச் செல்லப் பார்வை விரியும். எனினும், வானுற ஓங்கிய கோட்டையைக் காட்டிலும், தன்னைச் சுமப்பவரின் முகமும், ஆடும் இலையும், ஒளிரும் விளக்குமே அதனைப் பெரிதும் ஈர்க்கும். எட்டு, ஒன்பது திங்களில் அந்நியர் முகங்கண்டு அஞ்சும் இயல்பு பிள்ளைகள் பலரிடம் தலைதூக்கும். அப்போது பெருந்தலை எலியுருவம் தரித்த ஒருவர் அணுகிக் கைநீட்டினால், பெற்றோர் படம்பிடிக்க ஆயத்தமாகும் அக்கணமே குழந்தை வீறிட்டழுதல் கூடும். அதனை வற்புறுத்தி அவ்வுருவத்தின் கையிற் கொடுப்பது அன்புடைமை ஆகாது.

தமிழ்ப் புலவர் இப்பருவ வேறுபாடுகளை நன்குணர்ந்தவர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது. ஐந்தாந் திங்களிலே தலையெடுத்து அசைதல் செங்கீரை; ஒன்பதாந் திங்களிலே கைகொட்டுதல் சப்பாணி. ஒரு பருவத்துக்குரியதை மற்றொரு பருவத்துக் குழந்தையிடம் புலவர் வேண்டுவதில்லை. டிஸ்னிப் பூங்காவுக்குக் குழந்தையைக் கொண்டுசெல்வோரும் இவ்வரையறையைப் பேணுவாராயின், பாதித் துன்பம் அப்போதே ஒழியும்.

நினைவில் நில்லாததைக் காட்டுவதாற் பயன் என்னை என்னும் வினாவுக்கும் அப்பிரபந்தத்திலே விடை உண்டு. அம்புலிப் பருவம் என ஒன்று உளதன்றோ? குழந்தைக்கு வான்மதியைக் காட்டி, அம்மதியை விளையாட வருமாறு அழைப்பது அது. மதி இறங்கி வரப்போவதில்லை; அன்று கண்ட மதியைக் குழந்தை பின்னாளில் நினைக்கப்போவதும் இல்லை. எனினும், எந்தத் தாயும் அதுபற்றி மதிகாட்டுதலைக் கைவிட்டிலள். மிக இளமையில் நிகழ்ந்தவை மறைந்துபோதலைக் குழவிப்பருவ மறதி எனச் சிக்மண்ட் பிராய்ட் 1905 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் குறிப்பிட்டார். வளர்ந்தோர் நினைவிற்கு எட்டும் முதல் நிகழ்ச்சி பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதினது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் கூற்று. ஆயினும், நினைவில் நில்லாதது யாவும் பயனற்றது எனின், தாலாட்டும் பயனற்றதாய் முடியும். சொல்லைக் கேட்டுக் கேட்டே சொல் பிறக்கின்றது. அணைக்கப்பட்டே அன்பு கற்கப்படுகின்றது. பெற்றோர் கவலையொழிந்து மகிழ்ந்திருக்கும் நாள், குழந்தைக்கும் நன்னாளே. இவ்வளவில், இளந்தம்பதியர் பக்கத்தே நியாயம் உண்டு.

ஆனால் மூத்தோர் பக்கத்து நியாயம் இதனினும் வலியது. அது குழந்தையின் உடலைப் பற்றியது. புளோரிடாவிற் கோடைப் பிற்பகல் வெப்பம் 33 பாகை சதமளவை எட்டும். இடியோடு கூடிய மழையும் அடிக்கடி பெய்யும். ஆறு திங்கள் நிரம்பாத குழந்தையை நேர்வெயிலிற் கொண்டுசெல்லாது நிழலில் வைத்தலே முறை என்றும், வெயிற்காப்புப் பூச்சை நம்பியிருத்தல் தகாது என்றும் மருத்துவர் கூறுவர். அப்பருவத்துக்குத் தாய்ப்பாலே உணவும் நீரும் ஆகும். வெப்பம் மிகுந்தபோது தண்ணீர் புகட்டாமல், அடுத்தடுத்துப் பாலூட்டுதலே தக்கது. வெயிலுக்கு மறைவாகத் தள்ளுவண்டியைத் தடித்த துணியால் முற்றும் மூடிவிடுதல் சிலர் செயல். உள்ளே காற்றோட்டம் அற்று வெப்பம் பெருகும் ஆதலின் அது பெருந்தீங்கு. நான்கு திங்கள் முதல் ஓராண்டு வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணிநேர உறக்கம் வேண்டும். காலையில் ஓரிரு மணிநேரம் உலாவி, நண்பகலில் விடுதிக்கு மீண்டு, மாலையில் மனமிருப்பின் மீண்டும் செல்வோரே அறிவுடையோர். இரவில் நிகழும் வாணவேடிக்கையின் பேரொலி சிறு செவிக்குப் பொறுக்கற்பாலதன்று. தொலைவில் நிற்றலோ, செவிக்காப்பு அணிவித்தலோ வேண்டும்.

இவையெல்லாம் பெற்றோர் கையில் உள்ளவை. அவர் கையில் முற்றும் இல்லாத இடர் ஒன்று உளது. 2014 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், கலிபோர்ணியாவின் டிஸ்னிப் பூங்காக்களுக்கு வந்த பெருங்கூட்டத்தினிடையே சின்னமுத்து நோய் பரவிற்று. அமெரிக்காவில் அந்நோய் உள்நாட்டிற் பரவுதல் ஒழிந்ததென 2000 ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும் 2015 பெப்ரவரி முற்பகுதிக்குள் இந்நிகழ்ச்சியோடு தொடர்புடையோர் 125 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவருள் 110 பேர் கலிபோர்ணியர். அக்கலிபோர்ணியருள் 49 பேர் தடுப்பூசி ஏற்றப்பெறாதவர். அந்நாற்பத்தொன்பதின்மருள் 12 பேர், ஊசி ஏற்றும் வயதையே எட்டாத கைக்குழந்தைகள்.

இப்பன்னிருவரின் நிலையை எண்ணுக. ஏனையோருட் சிலர் ஊசியை வேண்டா என்று விடுத்தவர். இவரோ வேண்டும் என்று கேட்கும் வாயும் பெறாதவர். சின்னமுத்து நோயாளி ஓரிடத்தை விட்டகன்ற பின்னரும் இரண்டு மணிநேரம் வரை அந்நோய்க்கிருமி காற்றிலே தங்கவல்லது. காப்பற்றோர் பதின்மர் நோயாளியை அணுகின், ஒன்பதின்மர் வரை பற்றப்படுவர். அமெரிக்காவில் முதல் ஊசி வழக்கமாக ஏற்றப்படுவது 12 முதல் 15 திங்களுள். நம் இலங்கையில் 9 ஆந் திங்களில். அதற்கு முன்னுள்ள குழந்தைக்கு எஞ்சிய அரண், தாயிடமிருந்து பெற்று நாளுக்கு நாள் குறைந்துவரும் எதிர்ப்பு வலியும், சுற்றியுள்ள மாந்தர் நோயேலாதிருத்தலுமே. கலிபோர்ணிய அரசு இப்படிப்பினையை உணர்ந்து, தம் கொள்கையைக் காரணங்காட்டிப் பாடசாலைப் பிள்ளைகளின் தடுப்பூசியைத் தவிர்க்கும் உரிமையை 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிற்று. வெளிநாடு செல்லும் 6 முதல் 11 திங்கட் குழந்தைக்கு முற்கூட்டியே ஓர் ஊசி ஏற்றலாம் என்பதும் அந்நாட்டு மருத்துவர் விதி.

ஆதலின் நம் தீர்ப்பு இது. குழந்தையைக் கொண்டு செல்லலாம்; ஆனாற் செலவின் வேகமும் நேரமும் குழந்தையினுடையனவாதல் வேண்டும். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பொருள் வீணாகின்றதே என்று உறங்கும் பிள்ளையை வெயிலில் உருட்டித் திரிதல் கூடாது. நோய் பரவுங் காலமாயின், மருத்துவரை உசாவி, ஊசி ஏற்றும் வரை பயணத்தைத் தள்ளிவைத்தலே நன்று. பூங்கா எங்கும் ஓடிவிடாது. குழந்தையின் முதலாண்டு மட்டுமே திரும்ப வாராதது.

பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்பு என்பதாம். ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் மதிகாட்டுதற்கும் முன்னர், குழந்தையைக் காக்குமாறு திருமால் முதலாய தெய்வங்களைப் புலவர் ஒவ்வொருவராக அழைத்து வேண்டுவர். ஒரு குழந்தையைக் காக்கப் பலர் வேண்டும் என்னும் உண்மை அவ்வைப்பு முறையிலே பொதிந்துள்ளது. டிஸ்னிலாந்தின் வாயிலில் நாள்தோறும் திரளும் கூட்டத்தார் ஒருவரையொருவர் அறியார். எனினும் தடுப்பூசி ஏற்றிக்கொண்டவரும், காய்ச்சல் கண்டபோது அன்றையப் பயணத்தைத் தவிர்த்தவரும், எங்கோ ஒரு தள்ளுவண்டியில் உறங்கும் முகமறியாக் குழவிக்குக் காப்பாக நிற்பவரே. கேளிக்கைப் பூங்காவுக்கு மட்டுமன்றி, கோவில் வீதிக்கும் சந்தைக்கும் புகைவண்டிக்கும் இது பொருந்தும்.