பழைய புல்லட்டைச் சாலைக்கு இறக்குவோர் கவனத்திற்கு

தகப்பனார் ஓட்டிய புல்லட் மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்க, அதை வெளியே உருட்டி வந்து தம் கையாலேயே பழுது பார்த்து மறுபடியும் சாலையில் ஓட்டிவிட வேண்டும் என்னும் ஆசை, யந்திரங்களோடு எந்தப் பரிச்சயமும் இல்லாத இளைஞர்களிடம்கூட இப்போது வேரூன்றி வருகிறது. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரி பாகக் கடைகளில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்த்தவர்களுக்கு இது பிரத்தியட்சமாகத் தெரியும். அலுவலகத்திலிருந்து நேரே வந்தவர்கள் பழைய கார்புரேட்டரையும் பாயிண்ட் செட்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை விசாரிக்கிறார்கள். வரவேற்க வேண்டிய உற்சாகம்தான் இது. கையால் ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்ள விரும்பும் எவரையும் ஊக்குவிப்பது நம் கடமை. ஆயினும் அவர்கள் கேட்டு வாங்கும் சாமான்களின் ஜாபிதாவைக் கவனித்தபோது என் மனத்தில் ஒரு கவலை புகுந்து, இன்றுவரை நீங்காமல் இருக்கிறது. பிஸ்டன் கேட்கிறார்கள், சைலன்ஸர் கேட்கிறார்கள், டாங்கியில் ஒட்டும் ஸ்டிக்கர் கேட்கிறார்கள். பிரேக் ஷூ கேட்பவர் அபூர்வம்.

இதற்குக் காரணம் ஓரளவு அந்த வண்டியின் சுபாவத்திலேயே இருக்கிறது. 1955 முதல் சென்னையில் உருவாகி வந்த அந்த வண்டியின் வார்ப்பிரும்பு இஞ்சின், 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட 346 சி.சி. ஒற்றைச் சிலிண்டர், எவ்வளவு அலட்சியத்தையும் தாங்கிக்கொள்ளக் கூடியது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்ததானாலும், பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தின் வழியே சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, டாங்கியின் அடியில் பிசினாய்ப் படிந்த கெட்ட பெட்ரோலை அகற்றி, வெடித்துப்போன ரப்பர் குழாயை மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, பாயிண்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துவிட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு உதைத்தால், பெரும்பாலும் அது பேசிவிடும். அந்தச் சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் தெருவே கூடுகிறது. தாயார் கண் கலங்குகிறார். வேலை முடிந்துவிட்டது என்று புதியவருக்குத் தோன்றிவிடுகிறது. அன்று மாலையே பின் இருக்கையில் ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

வண்டி மட்டும் ஏறத்தாழ 165 கிலோ. இருவர் அமர்ந்தால் 300 கிலோவை நெருங்கும். 40 கிலோமீட்டர் வேகம் 60 ஆகும்போது, நிறுத்துவதற்காக அடக்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகிறது. 80 ஆகும்போது நான்கு மடங்காகிறது. 60-ல் போகிறவர் குறுக்கே வரும் ஆட்டைக் கண்டு கை விரலை மடக்குவதற்குள் ஒரு விநாடி கழிந்தால், அதற்குள்ளாகவே வண்டி 17 மீட்டர் தூரம் போயிருக்கும். அதன் பிறகு நேர்வதெல்லாம், நெடுங்காலமாக எவரும் திறந்து பார்த்திராத ஒரு டிரம்முக்குள் ஒட்டிக்கிடக்கும் இரண்டு லைனர் துண்டுகளின் பொறுப்பு.

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு சிறு பட்டறையில், இப்படிப் புறப்பட இருந்த ஒரு வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றியபோது நான் உடன் இருந்தேன். லைனரில் பாதிக்குமேல் கனம் மிச்சமிருக்கக் கண்ட இளைஞர், “இன்னும் நல்லாத்தானே இருக்குண்ணே” என்று திருப்தியோடு சொன்னார். வயது முதிர்ந்த மெக்கானிக் அந்த ஷூவை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. ஒரு விளிம்பிலிருந்து பேரிங் கிரீஸ் உருகி ஊறிக் கறுத்திருந்தது. “லைனரு தடிமனா இருந்து என்ன பண்ண, தம்பி? பிடி இல்லையே!” என்றார். பழைய பிரேக்கைப் பற்றிப் புதியவர் அறிய வேண்டியதில் பெரும் பகுதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். கிரீஸ் ஊறிய லைனரையோ எத்தனை முறை பெட்ரோலில் கழுவினாலும், டிரம் சூடேறியதும் உள்ளே தங்கிய கொழுப்பு கசிந்து வெளியே வந்துவிடும். ஆகையால் அதை அகற்றிவிட்டுப் புது லைனர் ஒட்டுவதே பரிகாரம். டிரம் வட்டம் கெட்டிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையவேண்டும். இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு: பழைய லைனர்களில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், உள்ளே சேர்ந்த தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நுரையீரலுக்குள் போன அந்தத் தூசி எளிதில் வெளியே வராது.

பழைய வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 6 அங்குல டிரம்தான். பின்னால் வந்தவற்றில் 7 அங்குல டிரம்மும், ஷூ ஒன்றுக்கு ஒரு கேம் வீதம் இரண்டு கேம்களும், அவற்றை இணைக்கும் ஒரு கம்பியும் உண்டு. அந்தக் கம்பியின் நீளம் சரியாக அமைந்தால்தான் இரண்டு ஷூக்களும் ஒரே சமயத்தில் டிரம்மைத் தொடும். சிறிது பிசகினாலும் ஒன்று மட்டுமே உழைக்க, மற்றொன்று சும்மா இருக்கும். லீவர் கைக்கு இறுக்கமாகவே இருப்பதால் புதியவருக்குச் சந்தேகமே எழாது. அவ்வாறே கேபிளும்: உறைக்குள் மறைந்த பகுதி நன்றாக இருக்க, நிப்பிளுக்கு அருகே ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டு வரும். சொற்ப விலையுள்ள அந்தக் கேபிளைப் பரிசோதித்துக்கொண்டிராமல் புதிதாகவே மாற்றிவிடுவது நலம்.

டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொட்டகையில் நின்ற வண்டியின் டயர் தேயாததால், பட்டன் ஆழமாக இருக்கிறது என்று பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள். ரப்பருக்கு ஓட்டத்தால் மட்டுமின்றிக் காலத்தாலும் முதுமை உண்டு. அது இறுகிப்போய், மழை நனைத்த தார்ச்சாலையில் பிடிப்பை இழந்துவிடும். இக்காலத்து டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்: 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். அத்தகைய எண்ணே காணப்படாத பழமையென்றால் ஆலோசனைக்கு இடமில்லை. டயரோடு டியூபையும் ரிம் டேப்பையும் மாற்றி, துருப்பிடித்த ஸ்போக்ஸைக் கவனித்து, வீல் பெண்டு எடுத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது மனிதனின் பழக்கம். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் ஓட்டக் கற்றவருடைய கால், சாவகாசமாகப் போகும்போது இந்த மாற்றத்தை நினைவில் வைத்திருக்கும். திடீர் அபாயத்திலோ பழைய பழக்கத்துக்கே திரும்பி, வலப்பக்கத்துக் கியர் லீவரை ஓங்கி மிதிக்கும். பிரேக் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அந்தக் கணத்தில் பிரயோஜனமில்லை. காலி மைதானத்தில் நாள்தோறும் பழகி உடம்பில் ஊறவைப்பதைத் தவிர இதற்கு வேறு மார்க்கம் எனக்குத் தெரியவில்லை.

இஞ்சினை முழுதும் பிரித்துக் கட்டி, பெயிண்டும் குரோமியமும் செய்து முடித்த பின்னரே மற்றவை என்று சொல்லும் அனுபவசாலிகளும் உண்டு. அவர்கள் அபிப்பிராயத்துக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆவணங்களைப் பொறுத்தவரையில், ஆர்.சி. புத்தகம் 15 ஆண்டுகளுக்கே செல்லும், பிறகு பரிசோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதும், இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதனோடு ஒத்திருக்கின்றனவா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும் என்பதும் யாவரும் அறிந்தவை.

ஆகவே புதிதாக இந்த வேலையில் இறங்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்வது இதுதான்: முதல் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் இரண்டு சக்கரங்களுக்கும் போகட்டும். வேலை முடிந்ததும் மைதானத்தில் 20, 30, 40 என்று படிப்படியாக வேகம் கூட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் பிடித்துப் பாருங்கள். முன் பிரேக்கில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஹேண்டில்பார் நடுவில் பிடித்து நின்றால், கோன் செட்டையும் பேரிங்கையும் திறந்து பாருங்கள். பலமுறை பிடித்தபின் டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோனால், எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதைச் சூடே சொல்லிவிடும். புது லைனர் டிரம்மோடு பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை தனியாகவே, மெதுவாகவே ஓட்டி, அதன் பின் கேபிளையும் கம்பியையும் மறுபடி சரி செய்யுங்கள். இஞ்சினுக்குப் போரிங் போடுவதா, பழைய பிஸ்டனோடு ஓட்டுவதா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.