நாணயத்தில் ஒரு கிண்ணம்

கல்லடிப் பாலத்தைக் கடந்து வாவிக்கரை ஓரமாகச் சற்றுத் தூரம் சென்றால் தென்னைகளுக்கு நடுவே ஒரு சிறிய வீடு. நோயுற்றிருக்கும் ஓர் அம்மாவுக்கு நற்கருணை வழங்க, மாதந்தோறும் முதல் வெள்ளியன்று அங்கே செல்வது என் வழக்கம். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பதை நெருங்கும் வயது. என்னை அன்போடு வரவேற்பார், மெழுகுதிரி ஏற்றுவார், செபங்களுக்குப் பதில் சொல்வார். ஆனால் தாம் நன்மை வாங்கமாட்டார். ஞாயிறு திருப்பலியிலும் அப்படியே. கடைசி வாங்கில் இருப்பார். நன்மை வழங்கும் வேளையில் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். காரணத்தை நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே பொழுதுபோக்கு பழைய நாணயம் சேர்ப்பது. முதலில் சேர்த்தவற்றில் பாதி 1978 நவம்பர் சூறாவளியோடு போயிற்று. எஞ்சியதை 2004 திசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோயிற்று. இன்று ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருப்பவை யாவும் ஜெர்மனியில் வாழும் மகள், கடையில் முறைப்படி பற்றுச்சீட்டுடன் வாங்கி அனுப்பியவை. நம் மண்ணில் தோண்டி எடுத்ததை விலைக்கு வாங்குவதில்லை என்பதில் அவர் உறுதியானவர். அது தொல்பொருள் திணைக்களத்துக்குரியது என்பார்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, தகரத்திலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏறத்தாழப் பத்துக் கிராம் எடை, மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலம், கறுத்த வெண்கலம். வார்த்த காலத்தில் அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருந்திருக்கும். ஒரு புறத்தில் தடித்த கழுத்தும் கத்தரித்த தாடியும் கொண்ட ஒரு தலை. சுற்றிலும் தியோக்கிளேசியன் என்ற பெயர். அக்கால நாணயங்களில் மன்னர் நால்வரின் முகமும் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தைப் படித்தால்தான் யார் என்று தெரியும். நால்வரும் ஒரே மனத்தினர் என்று மக்கள் நம்பவேண்டும் என்பதற்காகவே அப்படி வார்த்தார்கள்.

பேரரசு மிகப் பெரிதாகிவிட்டதென்று கண்ட தியோக்கிளேசியன் 286இல் மாக்சிமியனைத் தமக்குச் சமமான பேரரசனாக்கினார். 293இல் கலேரியுஸ், கொன்ஸ்தாந்தியுஸ் இருவரையும் இளைய அரசர்களாகச் சேர்த்துக்கொண்டார். இதையே வரலாற்றாசிரியர் நால்வர் ஆட்சி என்பர். அடுத்த ஆண்டளவில் நாணய முறையைத் திருத்தி இப்புதிய வெண்கலக் காசை வெளியிட்டார்கள். ஆசிரியரிடம் இருப்பதன் அடியில் தெரியும் இரண்டு எழுத்துகள் அது திரியர் நகர அக்கசாலையில் வார்க்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. அந்நகரம் இன்றைய ஜெர்மனியில் இருக்கிறது.

நம் நாட்டிலும் உரோமைக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலில் அவற்றைக் காணலாம். ஆனால் பெரும்பாலானவை நால்வர் ஆட்சிக்குப் பிற்பட்ட, நான்காம் நூற்றாண்டின் இறுதியையும் ஐந்தாம் நூற்றாண்டையும் சேர்ந்த மிகச் சிறிய செப்புக் காசுகள். அவற்றைப் பார்த்து இங்கேயே வார்த்த போலிகளும் உண்டு. சிலவற்றின் பின்புறத்தில் மலர்வளையத்துக்குள் சிலுவை இருக்கும். தியோக்கிளேசியனின் காசையும் இந்தச் சிலுவைக் காசையும் அருகருகே வைத்தால், இடையே நூற்றைம்பது ஆண்டுகூட இல்லை. அலெக்சாந்திரியா வணிகர் கொஸ்மாஸ் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய நூலில், இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் இருந்ததையும், இங்கிருந்த அரசன் உரோமைப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் புரட்டிப் பார்த்து உரோமையே பெரிது என்று தீர்ப்புச் சொன்னதையும் குறிப்பிடுகிறார். அனுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கற்சிலுவையும் நாம் அறிந்ததே.

மீண்டும் அந்தக் காசுக்கு வருவோம். ஆசிரியர் அதைப் புரட்டினார். பின்புறத்தில் உரோமை மக்களின் காவல் தெய்வம் நிற்கிறது. தலையில் தானியம் அளக்கும் மரக்கால். இடக்கையில் வளத்தின் கொம்பு. வலக்கையில் ஒரு தட்டைக் கிண்ணம். பலிபீடத்தில் திராட்சை இரசத்தை ஊற்றும் கிண்ணம் அது.

"இந்தக் கிண்ணத்தால ஊத்தச் சொல்லித்தானே சுவாமி எல்லாரையும் வதைச்சாங்க?" என்றார்.

ஆம். 303 பெப்ரவரி 23 அன்று நிக்கோமேதியா நகர் ஆலயம் இடித்துத் தள்ளப்பட்டது. மறுநாள் ஆணை வெளிவந்தது: ஆலயங்களை இடிக்கவேண்டும், திருநூல்களை எரிக்கவேண்டும், கிறிஸ்தவர்கள் தம் பதவிகளை இழப்பார்கள். 304இல் வந்த ஆணை, அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிடவேண்டும் என்றது. கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியான புனித லூசியா மறைசாட்சியானது அந்த ஆண்டில்தான் என்பது மரபு. புனித ஆக்னெசையும் நாம் கொடியேற்றிக் கொண்டாடும் புனித செபஸ்தியாரையும் மரபு தியோக்கிளேசியன் காலத்திலேயே வைக்கிறது.

இவற்றையெல்லாம் சொன்னேன். ஆசிரியர் கேட்டது வேறு. "ஊத்தாதவங்க பேர் நமக்குத் தெரியும் சுவாமி. ஊத்தினவங்க என்ன ஆனாங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னதன்று. திண்ணையில் இருந்து சொன்னது. பெயரைத் தவிர்த்து எழுதலாம் என்று அவரே இசைவு தந்திருக்கிறார். 1990இல் அவரைப் பிடித்துச் சென்றார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு தாளை நீட்டினார்கள். அதில் தம்மோடு கற்பித்த ஒருவரின் பெயர் இருந்தது. கையொப்பமிட்டார், வீட்டுக்கு விட்டார்கள். மற்றவரும் பல மாதங்களின் பின் உயிரோடு திரும்பினார். ஆனால் இவரோடு அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இறந்தும்போனார்.

அச்சத்தால் செய்ததைக் கடவுள் பெரிதாக எண்ணமாட்டார் என்று உடனே சொல்லிவிட்டேன். குருமடத்தில் கற்ற விடை நாவின் நுனியிலேயே இருந்தது. அவர் மறுமொழி சொல்லாமல் காசைத் துடைத்துத் தகரத்துக்குள் வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் சுமந்ததை நான் அரை நிமிடத்தில் இறக்கிவைக்கப் பார்த்தேன் என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.

ஒரு மாதம் பழைய நூல்களைப் புரட்டினேன். ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் 303 மே மாதம் 19ஆம் நாள் நடந்த சோதனையின் குறிப்பு இன்றும் இருக்கிறது. அரச அலுவலர் எழுதிய பட்டியல் அது: பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களின் உடை 82, பெண்களின் காலணி 47 சோடி. ஏழைகளுக்கென்று சேர்த்துவைத்தவை போலும். ஆயர் முன்னிலையிலேயே அனைத்தையும் ஒப்படைத்தார்கள். திருநூலையும் கொடுத்தார்கள். ஆனால் மற்ற நூல்களை வைத்திருந்த வாசகர்கள் எங்கே என்று கேட்டபோது, துணைத் திருத்தொண்டர் இருவர், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர் என்று மறுத்துச் சிறைப்பட்டார்கள். நூலைக் கொடுத்தவர்களும் அவர்களே, ஆளைக் கொடுக்க மறுத்தவர்களும் அவர்களே.

கலேரியுஸ் 311இல் கிறிஸ்தவர்களுக்கு இசைவாணை தந்தார். 313இல் முழு உரிமை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் திருச்சபைக்குள் கடினமான கேள்வி எழுந்தது. ஆப்பிரிக்காவில் தொனாத்துவின் பிரிவினர், திருநூலைக் கையளித்த ஆயரின் கைபட்ட எதுவும் செல்லாது என்று பிரிந்துபோனார்கள். வீழ்ந்தவரை மன்னிக்கும் சபை தூய சபையன்று என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய உறுதியை நான் மதிக்கிறேன். அவர்களுடைய பங்கில் குருவாக இருக்க எனக்குத் துணிவில்லை.

314இல் இன்றைய அங்காராவில் கூடிய ஆயர்கள் வேறு வழியில் சென்றார்கள். ஒவ்வொருவரும் எப்படி வீழ்ந்தார் என்று கேட்டார்கள். இழுத்துச் செல்லப்பட்டுக் கையில் வலிந்து சாம்பிராணி திணிக்கப்பட்டவருக்குக் குற்றமேயில்லை, நற்கருணையை மறுக்கக்கூடாது என்றார்கள். பலிவிருந்துக்கு நல்லுடை உடுத்து மகிழ்ச்சியோடு போனவருக்கு நீண்ட தவம். துக்க உடையில் போய், விருந்து முழுவதும் அழுதுகொண்டிருந்தவருக்குக் குறைந்த தவம். விருந்துக்கு உடுத்த உடையைக்கூட விசாரித்திருக்கிறார்கள்! வெறும் அச்சுறுத்தலுக்கே பணிந்தவருக்கு ஆறு ஆண்டுகள். எவருடைய காலத்தையும், மனமாற்றத்தைக் கண்டு குறைக்க ஆயருக்கு உரிமை உண்டு என்றும் எழுதிவைத்தார்கள்.

அடுத்த முதல் வெள்ளியன்று இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். பாவமே இல்லை என்று இம்முறை சொல்லவில்லை. ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வாங்கித் தாமும் ஒருமுறை வாசித்தார்.

"ஆறு வருசமா சுவாமி?" என்றார். "நான் முப்பதுக்கு மேல நிண்டுட்டன்."

அன்று மாலை வாவியில் விளக்குகளோடு தோணிகள் இறங்கும்வரை அங்கேயே இருந்தேன். எங்களுக்குள் அதன்பின் நடந்தது இந்தப் பக்கத்தில் எழுதத் தக்கதன்று. அடுத்த மாத முதல் வெள்ளிக்கு அந்த வீட்டுக்கு நற்கருணைச் சிமிழில் இரண்டு அப்பங்கள் எடுத்துச் சென்றேன்.