ஆரணிக்காரர் வாங்கி வந்த தங்கம்

பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மறுநாள் காலை, திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் ஆரணி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் நெசவுக்காரர் ஒருவர், மடியில் நூல் மூட்டை. "ஆரணின்னா பட்டு, அரிசி. வேறென்ன இருக்கு?" என்றார். "ஒலிம்பிக் தங்கம் இருக்குங்களே" என்றேன். கிண்டல் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார்.

வாசுதேவன் பாஸ்கரன் 1950-ல் ஆரணியில் பிறந்தவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். அது நமக்கு எட்டாவது ஹாக்கித் தங்கம். கடைசித் தங்கமும் அதுதான்.

1928 ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1956 மெல்பர்ன் வரை நடந்த ஆறு ஒலிம்பிக்கிலும் தங்கம் நமக்கே. 1960-ல் ரோமில் பாகிஸ்தானிடம் பறிகொடுத்து, 1964-ல் டோக்கியோவில் மீட்டோம். பிறகு இரண்டு வெண்கலம். 1976 மான்ட்ரியலில் ஏழாம் இடம்! ஒலிம்பிக் ஹாக்கிக்கு முதன்முதலாகச் செயற்கைப் புல் விரித்த இடம் அது. புல்தரையில் பந்து எங்கே எகிறும் என்று கணித்து, மணிக்கட்டைச் சுழற்றி வளைத்து நெளித்து ஆடியவர்கள் நம்மவர்கள். புதுத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு பறந்தது; வித்தையைவிட ஓட்டத்துக்கும் உடல் வலுவுக்கும்தான் வேலை. அந்த அடி வாங்கிய அணியிலும் பாஸ்கரன் இருந்தார். மாஸ்கோ போன பதினாறு பேரில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக்.

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, நடப்புச் சாம்பியன் நியூசிலாந்து, இவர்களின் ஹாக்கி அணி எதுவும் வரவில்லை. மிஞ்சியது ஆறே அணிகள். தான்சானியாவை 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் இந்தியா அடித்ததைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று இன்றைக்கும் சிலர் அந்தத் தங்கத்தைக் குறைத்துப் பேசுவார்கள்.

அவர்கள் ஜூலை 29 இறுதி ஆட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். லீக் சுற்றில் 2-2 என்று நம்மை மடக்கிய ஸ்பெயின்தான் எதிரே. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல், கௌசிக் ஒன்று. 3-0. முடிந்தது கதை என்று நினைத்த நேரத்தில் ஸ்பெயினின் ஹுவான் அமாத் அடுத்தடுத்து இரண்டு திருப்பினார். முகமது ஷாகித் நான்காவதைப் போட்டு மூச்சு விட வைத்தார். அமாத் விடவில்லை, மூன்றாவதையும் போட்டார். 4-3. மிச்ச நிமிடங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்திய அணியை எளிதாக ஜெயித்தது என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பின் 41 வருடம் ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கமும் இல்லை. பிறகுதான் டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வந்தது. இடையில் சென்னை எழும்பூர் மைதானத்தில் 2007 ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவை 7-2 என்று நொறுக்கினோம்; 2023-ல் அதே மைதானத்தில் வேறோர் ஆசியப் போட்டியின் இறுதியில் 1-3 என்று பின்தங்கி, மலேசியாவை 4-3 என்று சாய்த்தோம்.

போளூர் வருவதற்குள் கதை முடிந்துவிட்டது. நெசவுக்காரர் மூட்டையைச் சரி செய்துகொண்டு கேட்டார்: "பாஸ்கரன் நம்ம ஊர்ல எந்தத் தெருங்க?"